ஒரு பல்லு அடைக்க எவ்வளவு ஆகும்? எங்க வீட்டுல மூணு பேருக்கு அடைச்சப்ப நான் தெரிஞ்சுக்கிட்டது

நீடாமங்கலத்துல மோட்டார் காயில் கட்ற கடை வச்சிருக்கேன், பதினேழு வருஷம் ஆச்சு. "தம்பி, அஞ்சு எச்பி மோட்டாரு, எரிஞ்சு போச்சு, எவ்வளவு ஆகும்"னு போன்ல கேக்காத நாளே கிடையாது. நானும் ஒரே பதிலத்தான் சொல்லுவேன், கொண்டாங்கண்ணே, பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், காயில் மட்டும் போயிருந்தா ஒரு ரேட்டு, பேரிங்கும் புஷ்ஷும் சேந்து போயிருந்தா ஒரு ரேட்டு, ஷாஃப்ட்டே தேஞ்சிருந்தா அது வேற கணக்கு. இவ்வளவு தெரிஞ்சும் எனக்குப் பல்லுல ஓட்ட விழுந்தப்ப நானும் ஒரு கிளினிக்குக்கு போன் போட்டு "பல்லு அடைக்க எவ்வளவுங்க"னுதான் கேட்டேன். "500ல இருந்து சார்"னாங்க. 500ங்கறது மட்டும் மனசுல நின்னுச்சு, அந்த 'ல இருந்து' நிக்கல. அங்கதான் எல்லாமே ஆரம்பிச்சுது.

2024 சித்திரையில மொதல்ல கூசுச்சு. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ல, கரும்புச் சாறு குடிச்சா சுருக்னு ஒரு இழு, உடனே போயிடும். அப்பறம் கீரை சாப்புட்டா ரெண்டு பல்லுக்கு நடுவுல நாரு மாட்டும், அதுவும் எப்பவும் அதே இடத்துல. கண்ணாடில பாத்தா ஒண்ணுமே தெரியல. அந்த வருஷம் மேட்டூர வழக்கமான ஜூன் 12ல தொறக்கல, தண்ணி தொறந்ததே ஜூலை 28தான், அதனால குறுவை போட்டவங்கள்லாம் முழுக்க போர் தண்ணிய நம்பித்தான் போட்டாங்க, ராத்திரி பகலா மோட்டாரு ஓடி வரிசையா எரிஞ்சு கடை வாசல்ல வந்து நிக்குது, நாத்து காயுதுண்ணு கண்ணு கலங்க நிக்கிறவங்கள விட்டுட்டு நான் பல்லக் காட்டப் போறதா? போகல. கிராம்புத் தைலத்த பஞ்சுல நனைச்சு வச்சுக்கிட்டு வேலையப் பாத்தேன். அந்த மூணு மாசம் என் பல்லுக்கு என்ன பண்ணுச்சுனு பின்னாடி எக்ஸ்ரேல பாத்தப்பதான் புரிஞ்சுது.

ஆடி கடைசில தாங்க முடியாம போய், போன்ல கேட்ட அதே கிளினிக்குக்குப் போனேன். நாற்காலில படுக்க வச்சு லைட்டப் போட்டு ஒரு கம்பியால ரெண்டு தட்டு தட்டினாரு, அவ்வளவுதான், "ஆழமாப் போயிருச்சு சார், ஆர்சிடி பண்ணி கேப் போடணும், 9500 ஆகும், இன்னிக்கே ஆரம்பிச்சுக்கலாம், பாதி அட்வான்ஸ் கட்டிருங்க"ன்னாரு. ஆர்சிடின்னா ரூட் கேனல், பல்லுக்குள்ள இருக்குற நரம்ப எடுத்துட்டு அடைக்கிறது, கேப்புன்னா அந்தப் பல்லு மேல போடுற மூடி. எக்ஸ்ரே எடுக்கல. எந்தப் பல்லு, எவ்வளவு ஆழம், ஏன் அடைச்சா போதாது, ஒரு வார்த்த சொல்லல. 500 ரூபா நெனப்புல போனவன்கிட்ட 9500ன்னா எப்படி இருக்கும். காசு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லி வெளில வந்து, நம்மூரு ரயில்வே கேட்ல வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறப்பதான் தோணுச்சு, நான் ஒரு மோட்டார பிரிக்காம 'மொத்தமும் போச்சு, புதுசு வாங்குங்க'ன்னா கஸ்டமர் ஒத்துக்குவாரா?

அடுத்த நாள் மன்னார்குடில ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க பண்ண மொத வேல எக்ஸ்ரே, அந்த ஒரு பல்லுக்கு மட்டும் எடுக்குற சின்ன எக்ஸ்ரே, 200 ரூபா. ரெண்டாவது வேல எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒரு சின்னப் பஞ்சுல ஜில்லுனு ஒரு ஸ்ப்ரேய அடிச்சு, மொதல்ல நல்ல பல்லுல வச்சாங்க, அப்பறம் சொத்தைப் பல்லுல. "வலி போனதும் கையத் தூக்குங்க"ன்னாங்க. சுருக்னு ஏறுச்சு, ஒரு மூணு நாலு செகண்டுல எறங்கிருச்சு. "ராத்திரி சும்மா படுத்திருக்கப்ப தானா வலிக்குதா? சூடா குடிச்சா வலிச்சுக்கிட்டே இருக்கா? முகம் வீங்கிச்சா?"ன்னு கேட்டாங்க, மூணுக்கும் இல்லன்னேன். அப்பறம் எக்ஸ்ரேய ஸ்க்ரீன்ல காட்டுனாங்க. மேல எனாமல் வெள்ளையா, அதுக்குக் கீழ டென்டின், நடுவுல நரம்பு இருக்குற அறை கருப்பா. சொத்தையும் கருப்புதான், ரெண்டு பல்லு ஒட்டுற பக்கத்துல இருந்து உள்ள எறங்கி இருந்துச்சு. அந்தக் கருப்புக்கும் நரம்பறைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு. "இந்தக் கோடு இருக்கறவரைக்கும் நரம்பக் காப்பாத்திப் பாக்கலாம் சார். ஜில்லு பட்டு வர்ற வலி உடனே போகுதுன்னா நரம்பு இன்னும் தேறிக்கும். போகாம நிமிஷக் கணக்கா நின்னா, ராத்திரி தானா வலிச்சா, அப்ப ஆர்சிடிதான். உங்களுக்கு ஓரத்துல நிக்குது, முயற்சி பண்றேன், தேறலைன்னா ஆர்சிடிக்குத்தான் போகணும், அத இப்பவே சொல்லிட்டேன்"ன்னாங்க. இதுக்கு மேல ஒரு டாக்டர்கிட்ட நமக்கு என்ன வேணும்?

அவங்க ஒரு சின்ன சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, இன்னும் வச்சிருக்கேன். மேல 46ன்னு இருந்துச்சு, நான் என்னமோ டோக்கன் நம்பர்னு நெனச்சேன். அது பல்லோட நம்பர். வாய நாலு பாகமாப் பிரிக்கிறாங்க, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. ரெண்டாவது நம்பர் நடுப் பல்லுல இருந்து எண்ணிக்கிட்டுப் போறது. அப்ப 46ன்னா கீழ் வலது, நடுவுல இருந்து ஆறாவது. இது தெரிஞ்சா உங்க பில்ல நீங்களே படிக்கலாம், ரெண்டாவது டாக்டர்கிட்ட போனாலும் அதே பல்லத்தான் சொல்றாங்களானு பாத்துக்கலாம்.

அதுக்குக் கீழ ரேட்டு. கன்சல்டிங் 200, எக்ஸ்ரே 200, மருந்து வச்சு தற்காலிகமா அடைக்க 500, ஆறு வாரம் கழிச்சு கம்போசிட்ங்கற பல்லு கலர் அடைப்பு ரெண்டு பக்கம் 1600. ஆக மொத்தம் 2500. இது 2024ல எங்க பக்கம் நான் குடுத்த காசு, ஊருக்கு ஊரு கிளினிக்குக்கு கிளினிக் மாறும். நீங்க பாக்க வேண்டியது தொகைய இல்ல, அது எப்படிப் பிரிஞ்சு நிக்குதுன்னு.

அந்த 'ரெண்டு பக்கம்'ங்கறதுதான் எனக்குப் புதுசு. கடைவாய்ப் பல்ல ஒரு பெட்டி மாதிரி நெனச்சுக்குங்க, மேல மெல்லுற தளம், முன் பக்கம், பின் பக்கம், கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம். மேல மட்டும் குழின்னா ஒரு பக்கம், குழிய நெரப்பி ஒழுங்கு பண்ணா முடிஞ்சுது. எனக்கு ரெண்டு பல்லு ஒட்டுற செவுரே போயிருந்துச்சு, அப்ப அந்தச் செவுர இல்லாத எடத்துல இருந்து கட்டணும். பல்லச் சுத்தி மெல்லிசா ஒரு தகட்டு வளையம் போட்டு, ரெண்டு பல்லுக்கு நடுவுல ஆப்பு மாதிரி ஒண்ணு சொருகி, அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வச்சுக் கட்டுனாங்க. அந்தச் செவுரு பக்கத்துப் பல்லோட சரியா ஒட்டலைன்னா மறுபடி கீரை நாரு மாட்டும், மாட்டுனா அங்கயே திரும்ப சொத்தை. அதனாலதான் ஒரு பக்கத்துக்கும் ரெண்டு பக்கத்துக்கும் அவ்வளவு காசு வித்தியாசம், டாக்டரோட நேரத்துக்கும் கைக்கும்தான் அந்தக் காசு போகுது. 500ன்னு போன்ல சொன்னது அனேகமா ஒரு பக்கம், மேலாப்புல சின்னக் குழி, சிமெண்ட் அடைப்பு, அதுக்கான ரேட்டா இருந்திருக்கும்.

சிமெண்ட்னு நாம சொல்றது ஜிஐசி, கிளாஸ் அயனோமர். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பல்லோட தானே ஒட்டிக்கும், ஃபுளோரைடும் கசியும், வெல கம்மி, ஆனா கடிச்சு மெல்லுற எடத்துல பெரிய அடைப்பா போட்டா தேஞ்சிரும். கம்போசிட்ங்கறது பல்லு கலர்ல இருக்குற ரெசின். இது போடுறத நான் கவனிச்சுப் பாத்தேன், நம்ம தொழிலுக்கு ரொம்ப நெருங்குன வேல. மொதல்ல சொத்தைய எடுத்துட்டு, ஒரு நீலக் கலர் ஆசிட் ஜெல்ல கொஞ்ச நேரம் தடவி, கழுவி, காத்தடிச்சு, பசை தடவி, அதுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, நீல லைட்டு ஒரு இருவது செகண்டு, மறுபடி ஒரு அடுக்கு, மறுபடி லைட்டு. மொத்தமா ஒரே அடியாத் திணிச்சா அடியில லைட்டு போகாது, உள்ள வேகாம நிக்கும். எச்சி பட்டாலும் போச்சு. காயில் கட்டி ஈரம் காயாம வார்னிஷ் ஊத்துனா என்ன ஆகும், வெளில பளபளன்னு இருக்கும், பத்து நாள்ல வந்து நிக்கும், அதே கததான். அதனாலதான் பல்லச் சுத்தி ரப்பர் ஷீட்டோ, இல்லன்னா பஞ்சோ வச்சு எச்சி உறிஞ்சுற குழாயப் போட்டு அவ்வளவு பாடு படுறாங்க. அர மணிக்கு மேல ஆச்சு எனக்கு. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பக்கக் கம்போசிட்ட முடிச்சுட்டேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு நம்பிக்க வராது.

எங்க பெரியப்பா வாய்ல இருக்குற மாதிரி வெள்ளிக் கலர் அடைப்பு ஏன் போடலன்னும் கேட்டேன், கெட்டியா இருக்குமே, வெலயும் கம்மியாச்சேன்னு. அந்த வெள்ளி அடைப்புக்குப் பேரு அமால்கம், அதுல எடைக்குப் பாதி பாதரசம், 2013ல மினமாட்டா உடன்படிக்கைன்னு உலக நாடுகள்லாம் சேந்து பாதரசத்தக் குறைக்கப் போட்டது இருக்கு, இந்தியா 2018ல அதுல சேந்துது, அதனால அவங்க கிளினிக்ல நிறுத்தியாச்சுன்னாங்க. அதுக்குன்னு ஏற்கனவே நல்லா இருக்குற வெள்ளி அடைப்ப பயந்து போய் எடுக்கத் தேவையில்ல, நோண்டி எடுக்குறப்பதான் நல்ல பல்லும் சேந்து போகும், பாதரச ஆவியும் வரும்னு அவங்களே சொன்னாங்க. பெரியப்பாவுக்கு அடைச்சது முப்பது வருஷத்துக்கு முன்னாடி, இன்னும் முறுக்கு கடிக்கிறாரு.

எனக்கு நரம்பு தேறிருச்சு. மொத நாள் சொத்தைய எடுத்துட்டு, நரம்புக்குப் பக்கத்துல இருந்த கடைசித் துளிய வேணும்னே விட்டு, அது மேல கால்சியம் மருந்து வச்சு, கிராம்பு வாசன அடிக்கிற தற்காலிக அடைப்பு. ஆறு வாரமும் நான் பயந்துக்கிட்டேதான் இருந்தேன், ராத்திரி முழிச்சா மொதல்ல நாக்கால அந்தப் பல்லத் தொட்டுப் பாப்பேன். வலி வரல. புரட்டாசில நிரந்தர அடைப்பு போட்டாச்சு.

இத எழுதறப்ப எங்க மச்சான் கதையையும் சொல்லணும், இல்லன்னா ஆர்சிடின்னு சொல்ற டாக்டர் எல்லாம் ஏமாத்துறாங்கன்னு ஆயிரும், அது உண்ம இல்ல. அவருக்கு ராத்திரில தானா வலி, காப்பி குடிச்சா அர மணி நேரம் நிக்கும். டாக்டர் ஆர்சிடின்னாரு, இவரு வற்புறுத்தி "அடைச்சு மட்டும் விடுங்க, பாத்துக்கலாம்"ன்னாரு, 1200 குடுத்து அடைச்சாங்க. ஒரு வாரத்துல கன்னம் வீங்கிருச்சு, காய்ச்சல். அப்பறம் அதே அடைப்பப் பிரிச்சு ஆர்சிடி 4000, கேப் 4500. 8500ல முடிய வேண்டியது 9700. காசு கூடப் பரவால்ல, மூணு ராத்திரி அந்த மனுஷன் தூங்காம நடந்துக்கிட்டே இருந்தத எங்க தங்கச்சி சொல்லி அழுதா. ஆர்சிடிக்கு அப்பறம் கடைவாய்ப் பல்லுக்கு கேப் வேணாம்னு மிச்சம் புடிக்கிறதும் தப்பு, உள்ள குடைஞ்ச பல்லு வலுவிழந்து நிக்கும், ஒரு நாள் ரெண்டா பொளந்துக்கும், அப்ப புடுங்கறதத் தவிர வழி இருக்காது. அதனால ஆர்சிடி ரேட்டு கேக்கறப்பவே கேப் ரேட்டையும் சேத்துக் கேட்டுருங்க, பல பேரு ஆர்சிடிய மட்டும் சொல்லுவாங்க.

என் அனுபவத்துக்கு அப்பறம் பாப்பாவக் கூட்டிட்டுப் போனேன், பதினோரு வயசு. அவளுக்கு வலியே இல்ல, அதே 46ல மேல மட்டும் ஒரு சின்னக் கருப்புக் குழி. இந்தப் பல்லு ஆறு வயசு வாக்குல பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம மொளைக்கிது, எந்தப் பல்லும் விழாம மொளைக்கிறதால பெத்தவங்க இதையும் பால் பல்லுன்னே நெனச்சு விட்டுடுவோம். விழுந்து மொளைக்கிற பல்லு இல்ல, ஆயுசுக்கும் அதுதான். அவளுக்கு ஒரு பக்கக் கம்போசிட் 900, ஊசி கூடப் போடல. மிச்சம் மூணு கடைவாய்ப் பல்லுலயும் பள்ளம் ஆழமா இருக்குன்னு, அதுல சொத்தை விழாம இருக்க சீலண்ட்னு ஒரு பூச்சு பூசி விட்டாங்க, பல்லுக்கு 400. ஆக 2100. வீட்டுல "வலிக்காத பல்லுக்கு எதுக்குங்க 1200"ன்னாங்க. நான் என் சீட்டையும் அவ சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனேன், வேற ஒண்ணும் சொல்லல.

அம்மாவுக்கு வேற மாதிரி. எழுவது வயசு, ஈறு எறங்கி பல்லோட கழுத்துப் பகுதில, ஈறு ஓரமா மூணு பல்லுல பள்ளம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில பல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். காலைல வெள்ளன போய் ஓபி சீட்டு போட்டுட்டு உக்காந்தோம், கூட்டம்தான், ரெண்டு நாள் போக வேண்டியிருந்துச்சு. ஜிஐசிதான் வச்சாங்க, அந்த எடத்துல கடிக்கிற பாரம் வராது, ஈறு ஓரம் ஈரமும் இருக்கும், அதுக்கு அதுதான் பொருத்தம்னு நான் இதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டதால மலிவானதப் போடுறாங்களோன்னு சந்தேகப்படல. ஒரு பைசா வாங்கல. வெத்தலையோட போடுற புகையிலைய விடச் சொல்லி அங்க இருந்த டாக்டர் பொண்ணு அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் பேசுச்சு. காசு இல்லன்னு பல்ல அழுக விடுறவங்க தயவு செஞ்சு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. டெல்டாவுல தெக்குப் பக்கம் இருக்குறவங்களுக்குப் புதுக்கோட்டைல அரசு பல் மருத்துவக் கல்லூரியே 2023ல இருந்து இருக்கு, வடக்க சிதம்பரத்துலயும் பல் கல்லூரி இருக்கு.

இன்சூரன்ஸ்ல வருமான்னு நெறைய பேரு கேக்குறீங்க. எங்க குடும்ப பாலிசிய எடுத்துப் படிச்சேன், விபத்துல பல்லு ஒடைஞ்சு அட்மிட் ஆனா உண்டு, சொத்தை அடைக்கிறதுக்குக் கிடையாது. பொதுவா பாலிசியெல்லாம் இப்படித்தான் இருக்கு, இருந்தாலும் உங்களோடத ஒரு தடவ படிச்சுருங்க.

தங்கச்சி போன வாரம் போன்ல "அண்ணே, நான் போய் என்ன கேக்கணும், சொல்லு"ன்னா. நான் சொன்னத அப்படியே போடுறேன். மொதல்ல போன்ல அடைக்க எவ்வளவுன்னு கேக்காத, பாக்குறதுக்கும் எக்ஸ்ரேவுக்கும் எவ்வளவுன்னு மட்டும் கேளு, அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போ. எக்ஸ்ரே எடுத்ததும் போன்ல ஒரு போட்டோ புடிச்சுக்க, அது உன் பல்லு, கேட்டா குடுப்பாங்க. பல்லு நம்பர், எத்தன பக்கம், எந்தப் பொருளு, இது மூணையும் சீட்டுல எழுதி வாங்கு. நோண்டுறப்ப நெனச்சதவிட ஆழமா இருந்தா என்ன பண்ணுவீங்க, அப்ப எவ்வளவு ஆகும்னு வாய் மரத்துப் போறதுக்கு முன்னாடியே கேளு, ஏன்னா ஊசி போட்டு வாயத் தொறந்து வச்சுக்கிட்டு நம்மளால பேரம் பேச முடியாது, தலைய ஆட்டத்தான் முடியும். அடைச்சது ஆறு மாசத்துக்குள்ள பேந்து வந்தா மறுபடி காசு உண்டான்னு கேளு. அவசரமா வலி வீக்கம் இல்லன்னா, பெரிய தொக சொன்னா, வீட்டுக்கு வந்துட்டு இன்னொரு எடத்துல காட்டு, நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா இன்னொரு எடத்துல காட்டறேன்னு மூணு மாசம் இழுக்காத, நான் இழுத்தேன்.

அடைச்சுட்டு வந்த அன்னிக்கு மரத்துப் போனது தெளிய ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் எதையும் மெல்லாதீங்க, நான் பசில இட்லிய வாய்ல போட்டு கன்னத்தக் கடிச்சு ரத்தம் வந்து நாலு நாள் புண்ணு. கம்போசிட் அங்கயே கெட்டிப்பட்டுரும், ஜிஐசின்னா ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்க வேணாம். லேசாக் கூசுறது ஒரு வாரம் பத்து நாள் இருக்கலாம், கொறைஞ்சுக்கிட்டே வந்தா பயம் இல்ல. ஆனா கடிக்கிறப்ப அந்தப் பல்லு மட்டும் மொதல்ல முட்டுற மாதிரி இருந்தா பழகிரும்னு விட்டுடாதீங்க. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, ரெண்டாவது நாளே போனேன், நீலக் கலர் பேப்பர் ஒண்ண வச்சு கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமா பட்ட எடத்த லேசாத் தேச்சு விட்டாங்க. ரெண்டு நிமிஷ வேல, காசு வாங்கல.